போத்தலின் பின்பக்கம்: மலைநாட்டில் மீன் எண்ணெய் வாங்குவோருக்கு

பிரிஞ்சாங்கிலிருந்து கம்போங் ராஜா போகும் சாலையில், காய்கறித் தோட்டங்களின் பிளாஸ்டிக் கூரைகளுக்கு நடுவே இருக்கிறது திரிங்காப். அதைச் சுற்றியுள்ள கேமரன் மலைச் சரிவுகளில் தேயிலை பயிரிட்டு, கொழுந்து பறித்து, தலைமுறைகளாக வாழ்ந்துவருபவர்கள் தமிழர்கள். இந்த மலையில் முட்டைக்கோஸ் முதல் ஸ்ட்ராபெரி வரை விளைகிறது. கடல் மீன் மட்டும் பேராக் கரையிலிருந்து தாப்பா வழியாகவோ சிம்பாங் பூலாய் வழியாகவோ லாரி ஏறித்தான் மேலே வர வேண்டும். அதனால்தான் தோட்டத்துச் சமையலில் பச்சை மீனைவிடக் கருவாடும் நெத்திலியும் டின் சார்டினும் அதிகம் புழங்கின.

மீன் எண்ணெய்க் குளிகை மலையேறி வருவது மீனைவிட எளிது. பக்கத்து வீட்டு அக்கா நேரடி விற்பனை நிறுவனத்தில் சேர்ந்திருப்பார். மகன் கைப்பேசியில் ஆர்டர் போட்டால் நான்கைந்து நாளில் பார்சல் வந்துவிடும். ஈப்போ போய்வருபவர் பார்மசியில் மலிவு விலையில் இரண்டு போத்தல் வாங்கி வருவார். மூட்டு வலி, சர்க்கரை, கொழுப்பு, பிள்ளையின் ஞாபக சக்தி என்று எதற்கெடுத்தாலும் இந்தப் பொன்னிறக் குளிகையைக் கைகாட்டுகிறார்கள். எந்த மீன் எண்ணெய் நல்லது என்று கேட்பவருக்கு ஒரு பிராண்ட் பெயரைச் சொல்லி அனுப்பிவிடலாம். ஆனால் அந்தக் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. எனக்கு இது தேவையா என்பது ஒன்று. தேவை என்றால், இந்தப் போத்தலுக்குள் உண்மையில் என்ன இருக்கிறது என்பது மற்றொன்று. முதல் கேள்வியைத் தாண்டிக்கொண்டு இரண்டாவதற்குப் போவதால்தான் பணம் வீணாகிறது.

எங்கிருந்து வந்தது இந்த நம்பிக்கை

மீன் எண்ணெய் தமிழருக்குப் புதிதல்ல. முதுகில் பெரிய மீனைச் சுமந்து நிற்கும் மனிதரின் படம் போட்ட ஸ்காட்ஸ் எமல்ஷன் போத்தலை மலேசியத் தமிழ் வீடுகளில் அறியாதவர் குறைவு. அது காட் மீனின் ஈரலிலிருந்து எடுத்த எண்ணெய். அதன் வலிமை வைட்டமின் ஏ-யும் டி-யும்தான். வெயில் குறைந்த ஐரோப்பிய நகரங்களில் குழந்தைகளின் எலும்பு வளைந்துபோன காலத்தில் அது உண்மையிலேயே மருந்தாக இருந்தது. இந்தியாவிலும் இந்தத் தொழிலுக்கு வேர் உண்டு. 1907-இல் சென்னை மாகாணத்தில் மீன்வளப் பணியைத் தொடங்கிய சர் பிரெடெரிக் நிக்கல்சன், மலபார் கரையில் மலையாகக் குவிந்த மத்தி மீனிலிருந்து நல்ல எண்ணெய் எடுக்கும் முறையை மீனவர்களுக்குக் காட்டினார். அந்த எண்ணெய் படகுக்கும் தோலுக்கும் சோப்புக்கும் போயிற்று. இரண்டாம் உலகப் போரில் நார்வேயிலிருந்து காட் எண்ணெய் வருவது நின்றதும், அதே கரையில் சுறா ஈரலிலிருந்து வைட்டமின் எண்ணெய் எடுத்தார்கள்.

இன்று குளிகையில் விற்கும் மீன் எண்ணெய் வேறு. இது ஈரலிலிருந்து வருவதல்ல. பெரும்பாலும் பெரு நாட்டுக் கடலில் பிடிக்கும் நெத்திலி இன மீனின் உடலிலிருந்து வருவது. இதன் மதிப்பு இ.பி.ஏ., டி.எச்.ஏ. என்ற இரண்டு ஒமேகா-3 கொழுப்பு அமிலங்களில் இருக்கிறது. ஈரல் எண்ணெயையும் இதையும் குழப்பிக்கொள்வதில் ஆபத்தும் உண்டு. ஈரல் எண்ணெயில் வைட்டமின் ஏ நிறைய இருப்பதால், ஒமேகா-3 கூடுதலாக வேண்டும் என்று அதை அள்ளிக் குடிக்க முடியாது. கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்காமல் ஈரல் எண்ணெயைத் தொடவே கூடாது. அளவு மீறிய வைட்டமின் ஏ கருவைப் பாதிக்கும்.

ஒமேகா-3 மீதான உலக ஆர்வத்தைக் கிளப்பியவர்கள் பாங், டயர்பெர்க் என்ற இரு டென்மார்க் ஆய்வாளர்கள். 1970-களில் கிரீன்லாந்து இனுயிட் மக்களின் ரத்தத்தை ஆராய்ந்த அவர்கள், கடல் உணவில் வாழும் அம்மக்களுக்கு மாரடைப்பு குறைவு என்பதையும் அவர்கள் ரத்தத்தில் இ.பி.ஏ. மிகுதி என்பதையும் இணைத்துப் பார்த்தார்கள். பிற்காலத்தில், 2014-இல், கனடா இதயநோய் ஆய்விதழில் வந்த ஒரு மறுபரிசீலனை, இனுயிட்டுகளுக்கு இதயநோய் குறைவு என்ற அடிப்படையே உறுதியானதல்ல என்று காட்டியது. அதற்குள் உலகம் முழுவதும் போத்தல்கள் விற்றுத் தீர்ந்திருந்தன.

பெரிய ஆய்வுகள் சொல்வது

1999-இல் வெளியான இத்தாலியின் கிசி ஆய்வு, ஏற்கெனவே மாரடைப்பு வந்து பிழைத்த 11,324 பேரிடம் நடந்தது. நாளுக்கு ஒரு கிராம் ஒமேகா-3 எடுத்தவர்களிடையே மரணம் குறைந்தது. 2007-இல் ஜப்பானின் ஜெலிஸ் ஆய்வு, கொழுப்பைக் குறைக்கும் ஸ்டேட்டின் மருந்து சாப்பிடும் 18,645 பேரில் ஒரு பாதிக்கு நாளுக்கு 1.8 கிராம் இ.பி.ஏ. கொடுத்தது, பெரிய இதய நிகழ்வுகள் 19 விழுக்காடு குறைந்தன. விற்பனைப் பேச்சுகளில் இன்றும் உலவுவது இந்தக் காலத்து நம்பிக்கைதான்.

பிறகு காற்று மாறியது. சர்க்கரை நோயும் அதற்கு முந்திய நிலையும் உள்ள 12,536 பேரிடம் நடந்த ஒரிஜின் ஆய்வு 2012-இல் வெளியானது. பலன் இல்லை. 2018-இல் பிரிட்டனின் அசெண்ட் ஆய்வு, 15,480 சர்க்கரை நோயாளிகளுக்கு நாளுக்கு 840 மில்லிகிராம் ஒமேகா-3 கொடுத்துப் பார்த்தது. பெரும் ரத்தநாள நிகழ்வுகள் எண்ணெய் எடுத்தவர்களில் 8.9 விழுக்காடு, எடுக்காதவர்களில் 9.2 விழுக்காடு. வேறுபாடு தற்செயலைத் தாண்டவில்லை. அதே ஆண்டு அமெரிக்காவில் 25,871 பேரிடம் நடந்த வைட்டல் ஆய்வும், நலமாக இருப்பவருக்குப் பெரும் இதய, ரத்தநாள நிகழ்வுகளையோ புற்றுநோயையோ ஒட்டுமொத்தமாக இது தடுக்கவில்லை என்றது.

இந்த முடிவுகள் திரிங்காப் வட்டாரத்துத் தமிழருக்கு மிக நெருக்கமானவை. மலேசிய சுகாதார அமைச்சின் 2019 தேசிய ஆய்வின்படி, பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்குச் சர்க்கரை நோய் இருந்தது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடையேதான் அது மிகுதி. விற்பனை முகவர் முதலில் தேடி வருவதும் சர்க்கரைக்காரர் வீட்டைத்தான். சர்க்கரை நோயாளியின் இதயத்தைக் காக்க ஒரு கிராம் மீன் எண்ணெய் போதும் என்ற வாக்கை, அதற்கென்றே நடந்த இரண்டு பெரிய ஆய்வுகளும் ஏற்கவில்லை. மெட்ஃபார்மினையோ ஸ்டேட்டினையோ ரத்த அழுத்த மாத்திரையையோ நிறுத்திவிட்டுக் குளிகைக்கு மாறுபவர், பலன் நிரூபிக்கப்பட்டதை விட்டு நிரூபிக்கப்படாததைப் பிடிக்கிறார். இதைச் சொல்ல எனக்குத் தயக்கம் இல்லை.

மருந்து அளவில் கதை வேறாகிறது. சுத்திகரித்த இ.பி.ஏ.-யை மட்டும் நாளுக்கு 4 கிராம் கொடுத்த ரெடியூஸ்-இட் ஆய்வு, 8,179 பேரில் இதய நிகழ்வுகளை 25 விழுக்காடு குறைத்தது. ஆனால் ஒப்பீட்டுக் குழுவுக்குக் கொடுத்த கனிம எண்ணெயே அவர்களுடைய கெட்ட கொழுப்பைச் சற்று உயர்த்தியது. பலன் பெரிதாகத் தெரிந்ததற்கு அதுவும் காரணமா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. சோள எண்ணெயை ஒப்பீடாக வைத்து, இ.பி.ஏ.-யும் டி.எச்.ஏ.-யும் கலந்த 4 கிராமை 13,078 பேரிடம் சோதித்த ஸ்ட்ரெங்த் ஆய்வு, பலன் தெரியாததால் 2020-இல் பாதியில் நிறுத்தப்பட்டது. இந்த இரண்டிலும் இருந்தது மருந்து. கடைக் குளிகையால் அந்த அளவை எட்டுவது கடினம். சாதாரண 1,000 மில்லிகிராம் குளிகையில் நாளுக்குப் பதின்மூன்று பதினான்கு விழுங்க வேண்டியிருக்கும். அந்த அளவுக்கு விலையும் உண்டு. ஏழு ஆய்வுகளின் 81,210 பேரைத் தொகுத்துப் பார்த்த 2021 பகுப்பாய்வு, இதயத்தின் மேலறைகள் ஒழுங்கு தப்பித் துடிக்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் ஒமேகா-3 எடுத்தவர்களிடம் 25 விழுக்காடு கூடியது என்றது. ஒரு கிராமுக்கு மேற்பட்ட அளவில் அந்தக் கூடுதல் இன்னும் அதிகம். அதிகமாகச் சாப்பிட்டால் அதிக நன்மை என்ற கணக்கு இங்கே செல்லாது.

சந்தேகம் இல்லாமல் வேலை செய்வது ஓரிடத்தில்: ரத்தத்தில் டிரைகிளிசரைடு என்ற கொழுப்பு மிக உயர்ந்திருக்கும்போது. நாளுக்கு 4 கிராம் அளவில் அது 20 முதல் 30 விழுக்காடு வரை குறைகிறது. கிளினிக்கில் தரும் ரத்தப் பரிசோதனைத் தாளில் டிரைகிளிசரைடு 1.7 மில்லிமோலுக்குக் கீழே இருப்பது நல்லது, 5.6-ஐத் தாண்டினால் கணையத்துக்கே ஆபத்து. தெற்காசிய உடம்பில் டிரைகிளிசரைடு கூடி, நல்ல கொழுப்பு குறைந்திருப்பது பரவலாகக் காணும் அமைப்பு. ஆகவே அந்தத் தாளை எடுத்துப் பார்க்காமல் குளிகை வாங்குவதில் பொருள் இல்லை. சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதும் மதுவை விடுவதும் வெள்ளைச் சோற்றையும் இனிப்புத் தேநீரையும் குறைப்பதும் இதே எண்ணைக் கீழே கொண்டுவரும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

கர்ப்பிணிகள் விஷயத்தில் ஆதாரம் ஓரளவு நன்றாக இருக்கிறது. 70 ஆய்வுகளைத் தொகுத்த 2018 கோக்ரன் பகுப்பாய்வில், ஒமேகா-3 எடுத்த தாய்மாரிடையே 37 வாரத்துக்கு முன் பிறக்கும் குழந்தைகள் 13.4-இலிருந்து 11.9 விழுக்காடாகக் குறைந்தன. மறு ஆண்டு ஆஸ்திரேலியாவில் சுமார் 5,500 பேரிடம் நடந்த ஆய்வில் மொத்தப் பலன் தெரியவில்லை. உடம்பில் ஒமேகா-3 குறைவாக உள்ள தாய்மாருக்கே நன்மை என்பது அந்தத் தரவுகளைப் பின்னர் அலசியபோது தெளிவானது. மீன் அரிதாகக் கிடைக்கும் மலைவாசி கர்ப்பிணிக்கு இது கவனிக்க வேண்டிய செய்தி. ஆனால் முடிவெடுக்க வேண்டியது தாய்சேய் நல கிளினிக்கில், தாதியிடமும் மருத்துவரிடமும் பேசி.

மற்றவற்றை விரைவாகவே கடக்கலாம். கண் வறட்சிக்கு 3 கிராம் கொடுத்துப் பார்த்த 2018 அமெரிக்க ஆய்வில், ஆலிவ் எண்ணெயைவிட அது மேலாக இல்லை. முடக்குவாத வீக்கத்துக்கு, நாளுக்குச் சுமார் 3 கிராம் அளவில், வலியும் காலை நேர விறைப்பும் சற்றுக் குறையலாம். ஆனால் வயதாலும் உழைப்பாலும் தேய்ந்த முழங்காலுக்கு ஆதாரம் பலவீனம். மலைச்சரிவில் ஆயுள் முழுவதும் ஏறியிறங்கிய கால்களுக்கு இந்தக் குளிகை பெரிதாக எதுவும் செய்யாது என்பது வருத்தமான உண்மை. பிள்ளைகளின் படிப்புக்கு? வாசிப்பில் மிகவும் பின்தங்கிய பிள்ளைகளுக்கு டி.எச்.ஏ. உதவுகிறது என்று ஆக்ஸ்போர்டு ஆய்வாளர்கள் 2012-இல் அறிவித்தார்கள். அதே கேள்வியை அவர்களே திரும்பச் சோதித்தபோது, 2018-இல், அந்தப் பலன் கிடைக்கவில்லை. மதிப்பெண்ணுக்காக மீன் எண்ணெய் வாங்கும் பெற்றோர், அந்தப் பணத்துக்குப் புத்தகம் வாங்கலாம்.

முன்பக்க எண்ணும் பின்பக்க எண்ணும்

இனி இரண்டாவது கேள்வி. மருத்துவர் சொல்லியோ, மீனே சாப்பிட முடியாததாலோ ஒருவர் குளிகை வாங்கத்தான் போகிறார் என்று வைத்துக்கொள்வோம்.

போத்தலின் முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் 1,000 மி.கி. என்று இருக்கும். அது எண்ணெயின் மொத்த எடை, அதை மறந்துவிடலாம். பின்பக்கம் சிறிய எழுத்தில் இ.பி.ஏ. எவ்வளவு, டி.எச்.ஏ. எவ்வளவு என்று இருப்பதைக் கூட்ட வேண்டும். சாதாரண எண்ணெயில் அது 180-உம் 120-உம், மொத்தம் 300 மில்லிகிராம். மீதி 700 மில்லிகிராம் வேறு கொழுப்பு. செறிவூட்டிய எண்ணெயில் 500, 600, சிலவற்றில் 700-ஐயும் தாண்டும். சில போத்தல்களில் இந்த எண் ஒரு குளிகைக்கு அல்ல, இரண்டு குளிகை கொண்ட ஒரு வேளை அளவுக்குப் போடப்பட்டிருக்கும். அதையும் பார்க்க வேண்டும். ஒமேகா-3 என்று மட்டும் மொத்தமாக எழுதி, இ.பி.ஏ.-யையும் டி.எச்.ஏ.-யையும் பிரித்துச் சொல்லாத போத்தலை வாங்க வேண்டாம். ஒமேகா 3-6-9 என்று கலந்து விற்பதும் தேவையற்றது. நம் சமையல் எண்ணெயிலேயே ஒமேகா-6 வேண்டிய அளவுக்கு மேல் இருக்கிறது.

விலையையும் இந்த எண்ணால்தான் அளக்க வேண்டும். ஒரு கணக்குக்காக மூன்று போத்தல்களை எடுத்துக்கொள்வோம். முதலாவது 50 வெள்ளி, 100 குளிகை, ஒவ்வொன்றிலும் 300 மில்லிகிராம். மொத்தம் 30 கிராம் ஒமேகா-3, ஒரு கிராமுக்கு 1 வெள்ளி 67 காசு. இரண்டாவது 90 வெள்ளி, 60 குளிகை, ஒவ்வொன்றிலும் 600 மில்லிகிராம்; மொத்தம் 36 கிராம், ஒரு கிராமுக்கு இரண்டரை வெள்ளி. மூன்றாவது வீட்டுக்கு வந்து விற்கும் அழகான பெட்டி, 180 வெள்ளி, 60 குளிகை, உள்ளே அதே 300 மில்லிகிராம் சாதாரண எண்ணெய்; மொத்தம் 18 கிராம், ஒரு கிராமுக்குப் பத்து வெள்ளி. 2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி ஆனது. அந்தச் சம்பளக்காரர் மூன்றாவது பெட்டியை மாதம் ஒன்று வாங்கினால், வருமானத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். பெட்டியின் பளபளப்புக்கும் விற்பனைச் சங்கிலியில் ஒவ்வொருவருக்கும் போகும் கழிவுக்கும் சேர்த்துத்தான் இந்த விலை. முகவர் நமக்கு உறவாகவோ நட்பாகவோ இருக்கலாம்; கணக்கை அவர் முன்னிலையிலேயே போட்டுப் பார்ப்பதில் தவறில்லை.

கெட்டுப்போன எண்ணெய்

தரத்தைப் பற்றிப் பேசும்போது எல்லாரும் பாதரசத்தைக் கேட்கிறார்கள். பாதரசம் பெரும்பாலும் மீனின் சதைப் புரதத்தில் தங்குவது. சுத்திகரித்த எண்ணெயில் அது மிகக் குறைவு. எண்ணெயில் சேரக்கூடியவை டையாக்சின், பி.சி.பி. போன்ற கொழுப்பில் கரையும் மாசுகள். வெற்றிடத்தில் காய்ச்சி வடிக்கும் முறையால் அவற்றை நீக்க முடியும். நல்ல நிறுவனங்கள் அதைச் செய்கின்றன. எனக்குப் பெரிதாகப் படும் குறை வேறு. எண்ணெய் சிக்குப் பிடிப்பது.

இ.பி.ஏ.-யும் டி.எச்.ஏ.-யும் காற்றும் வெளிச்சமும் வெப்பமும் பட்டால் விரைவில் சிதையும் அமிலங்கள். முதலில் பெராக்சைடுகள் உண்டாகும். பிறகு அவை உடைந்து ஆல்டிஹைடுகளாக மாறும்; அப்போது பெராக்சைடு எண் திரும்பவும் இறங்கிவிடும். ஆகவே பெராக்சைடு குறைவு என்பதை மட்டும் வைத்து எண்ணெய் புதியது என்று சொல்ல முடியாது. இரண்டாம் கட்டச் சிதைவை அளக்க அனிசிடின் எண் என்று ஒன்று உண்டு. பெராக்சைடை இரண்டால் பெருக்கி அனிசிடினைக் கூட்டினால் வருவது டோடாக்ஸ். உலக உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ் 2017-இல் வகுத்த தரப்படி, பெராக்சைடு 5-க்கும் அனிசிடின் 20-க்கும் டோடாக்ஸ் 26-க்கும் மேல் போகக் கூடாது. முதல் இரண்டும் உச்ச எல்லையில் இருந்தால் கூட்டல் 30 ஆகிவிடும் என்பதால், இரண்டிலுமே விளிம்பில் நிற்கும் எண்ணெய் மூன்றாவதில் தோற்கும். நன்றாக யோசித்து வைத்த தரம் இது.

நடைமுறை எப்படி இருக்கிறது? 2015-இல் நியூசிலாந்து ஆய்வாளர்கள் அங்குள்ள கடைகளில் கிடைத்த 32 மீன் எண்ணெய்களைச் சோதித்தார்கள். 83 விழுக்காடு பெராக்சைடு எல்லையைத் தாண்டியிருந்தன. பாதி டோடாக்ஸ் எல்லையைத் தாண்டின. லேபிளில் சொன்ன அளவு ஒமேகா-3 முழுவதும் இருந்தது மூன்றே மூன்றில். தொழில் தரப்பு இதைக் கடுமையாக மறுத்தது. அடுத்த ஆண்டு ஆஸ்திரேலியச் சந்தைக் குளிகைகளைச் சோதித்த மற்றொரு குழு, அவை தரத்துக்குள் இருப்பதாகவே கண்டது. நாட்டுக்கு நாடு, தொகுதிக்குத் தொகுதி வேறுபடும் பொருள் இது என்பதே இரண்டையும் சேர்த்துப் படிக்கையில் எனக்குக் கிடைக்கும் பாடம். மூலப்பொருளும் நிலையானதல்ல. 2023-இல் எல் நினோவால் பெரு தன் முக்கிய மீன்பிடிப் பருவத்தை ரத்து செய்தபோது உலகச் சந்தையில் மீன் எண்ணெய் விலை கிடுகிடுவென ஏறியது. அப்படிப்பட்ட ஆண்டுகளில் மிக மலிவான போத்தலைக் கொஞ்சம் ஐயத்தோடு பார்ப்பதே நல்லது.

வாங்குபவர் வீட்டில் செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. புதிய போத்தலிலிருந்து ஒரு குளிகையை ஊசியால் குத்தியோ வெட்டியோ முகர்ந்து பாருங்கள். இலேசான கடல் வாடை இருக்கலாம். பழைய பெயிண்ட் போன்ற காரமான, மூக்கைத் துளைக்கும் நாற்றம் இருந்தால் அது கெட்ட எண்ணெய். எலுமிச்சை, ஆரஞ்சு வாசனை சேர்த்த எண்ணெயில் மூக்கு ஏமாறும். ஆய்வகத்து அனிசிடின் சோதனையே அவ்வாசனைப் பொருள்களால் குழம்பும். ஆதலால் வாசனை சேர்க்காததை நான் விரும்புகிறேன்.

திரிங்காப்பின் குளிர் இந்த எண்ணெய்க்கு நல்லது. ஈப்போவின் மதிய வெயிலில் அலமாரியில் இருப்பதைவிட இங்கே அது மெதுவாகத்தான் கெடும். ஆனால் மலையேறும் முன் கிடங்கிலும் வேனிலும் எத்தனை நாள் வெந்தது என்பது நமக்குத் தெரியாது. ஆகவே இணையத்தில் ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று காலாவதி நெருங்கியதைத் தள்ளிவிடும் கடையைத் தவிர்த்து, காலாவதிக்கு ஓராண்டாவது இருக்கும் போத்தலாகப் பார்த்து வாங்குங்கள். 365 குளிகை கொண்ட பெரிய போத்தலை ஒருவர் மட்டும் ஓராண்டு முழுக்கத் திறந்து மூடிச் சாப்பிடுவது சரியல்ல. இரண்டு மூன்று மாதத்தில் முடியும் அளவே போதும். ஒவ்வொன்றையும் தனித்தனியாக அடைத்த அட்டைப் பொதி இன்னும் நல்லது. குளிரில் எண்ணெய் மங்கலாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம். கொழுப்பின் ஒரு பகுதி உறைவதால் வருவது அது. கெட்டதன் அடையாளம் அல்ல.

எண்ணெய் எந்த வடிவத்தில் இருக்கிறது என்பதையும் விற்பவர்கள் பெரிதாகப் பேசுவார்கள். மீனில் இயற்கையாக இருப்பது டிரைகிளிசரைடு வடிவம். செறிவூட்டுவதற்காக எத்தில் எஸ்டராக மாற்றுகிறார்கள். சிலர் அதைத் திரும்ப டிரைகிளிசரைடாக்கி விலை கூட்டி விற்கிறார்கள். வெறும் வயிற்றில் எத்தில் எஸ்டர் சரியாக உறிஞ்சப்படாது. கொழுப்புள்ள உணவோடு எடுத்தால் இந்த வேறுபாடு வெகுவாகக் குறைந்துவிடும். விடியலில் தேநீரும் பிஸ்கட்டும் சாப்பிட்டு வேலைக்குக் கிளம்புகிறவர் குளிகையை அப்போது விழுங்காமல், இரவுச் சாப்பாட்டோடு எடுத்தால் போதும். வடிவத்துக்காக இரட்டை விலை கொடுக்கத் தேவையில்லை.

எண், முத்திரை, கூடு

மலேசியாவில் குளிகை வடிவில் விற்கும் ஒமேகா-3 தேசிய மருந்துப் பொருள் ஒழுங்குமுறை நிறுவனத்தில் பதிவாக வேண்டும். பதிவானதன் அடையாளம், எம்.ஏ.எல். என்ற எழுத்துகளும் எட்டு இலக்கங்களும் இறுதியில் என் என்ற எழுத்தும் கொண்ட எண். என் என்பது ஊட்டப்பொருளைக் குறிக்கும். பாரம்பரிய மருந்துக்கு டி. பொதியில் ஹோலோகிராம் பாதுகாப்பு வில்லையும் ஒட்டியிருக்க வேண்டும். எண்ணை அந்நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் தட்டிப் பார்த்தால் பொருளின் பெயரும் பதிவு வைத்திருப்பவரும் வரும். போத்தலில் உள்ள பெயரும் அங்கே வரும் பெயரும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். வேறொரு பொருளின் எண்ணை அச்சிட்டு விற்பதும் நடக்கக்கூடியதுதான். இந்தப் பதிவு, பொருள் முறையான ஆலையில் தயாரானது, அதன் பாதுகாப்பும் தரமும் பரிசீலிக்கப்பட்டது என்பதற்குச் சான்று. அது நோயைத் தீர்க்கும் என்பதற்குச் சான்று அல்ல. முகவர்கள் இந்த இரண்டையும் வேண்டுமென்றே கலக்கிறார்கள். சர்க்கரை, இதயநோய், புற்றுநோய் போன்றவற்றைத் தீர்ப்பதாக விளம்பரம் செய்வதை 1956-ஆம் ஆண்டு மருந்து விளம்பரச் சட்டம் தடுக்கிறது. அப்படி ஒரு வாட்ஸ்அப் செய்தி வந்தால் அதுவே எச்சரிக்கை.

பன்னாட்டுச் சான்றுகளில் ஐஃபோஸ், யு.எஸ்.பி. முத்திரைகள் நம்பத் தகுந்தவை. ஐஃபோஸ் தொகுதி வாரியாக ஒமேகா-3 அளவையும் டோடாக்ஸையும் மாசுகளையும் வெளியிடுகிறது. அத்தகைய முத்திரை இல்லாத நல்ல எண்ணெயும் உண்டு. ஆனால் நிறுவனத்திடம் கேட்டால் தொகுதிக்குரிய சோதனை அறிக்கை தர வேண்டும். தர மறுப்பவரிடம் வாங்காதீர்கள்.

நம்மவர்கள் கவனிக்கத் தவறும் ஒன்று குளிகையின் கூடு. அது ஜெலட்டின்; மாடு, பன்றி, மீன் இவற்றில் ஒன்றின் தோலிலிருந்தோ எலும்பிலிருந்தோ வருவது. ஹலால் முத்திரை இருந்தால் பன்றி இல்லை என்று பொருள். மாடு இல்லை என்று பொருளல்ல. மாட்டிறைச்சி தவிர்க்கும் இந்துக் குடும்பங்கள் பல இதை அறியாமலேயே ஆண்டுக்கணக்கில் விழுங்கி வருகின்றன. விலங்கு மூலத்தை லேபிளில் குறிப்பிட வேண்டும் என்பது மலேசிய விதி. ஆகவே மாட்டைக் குறிக்கும் போவின் என்ற சொல் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். மீன் ஜெலட்டின் கூடு உண்டு, போத்தலில் ஊற்றிக் குடிக்கும் திரவ எண்ணெயும் உண்டு. சைவர்களுக்குக் கடற்பாசி எண்ணெய் இருக்கிறது, மீனுக்கே டி.எச்.ஏ. வருவது பாசியிலிருந்துதான். ஆளி விதையில் இருப்பது வேறு வகை ஒமேகா-3. உடம்பு அதில் மிகச் சிறு பகுதியையே டி.எச்.ஏ.-யாக மாற்றும்.

சட்டியில் இருப்பது

நலமாக உள்ள ஒருவருக்கு நாளுக்கு 250 மில்லிகிராம் இ.பி.ஏ., டி.எச்.ஏ. போதும் என்பது ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பின் கணக்கு. வாரத்துக்கு இரண்டு கிராமுக்கும் குறைவு. டின் சார்டினில் 100 கிராம் மீனுக்கு ஏறத்தாழ ஒரு கிராம் இருக்கிறது. வாரம் இரண்டு முறை சார்டின் சம்பலோ குழம்போ வைத்தால் கணக்கு முடிந்துவிடும். கூடவே புரதமும், முள்ளையும் சேர்த்து மெல்வதால் சுண்ணாம்புச் சத்தும் கிடைக்கும். கெம்போங், மத்தி போன்ற சிறு மீன்கள் சந்தையில் கிடைக்கும் நாளில் அவை இன்னும் சிறப்பு. எண்ணெயில் முறுகப் பொரிக்காமல் குழம்பாக வைப்பது மேல். கருவாட்டிலும் காய்ந்த நெத்திலியிலும் உப்பு அதிகம். ரத்த அழுத்தம் உள்ளவர் நெத்திலியை நன்றாக ஊறவைத்துக் கழுவ வேண்டும். டின்னின் சாற்றிலும் உப்பு உண்டு என்பதால் குழம்பில் தனியாக உப்புப் போடும் முன் ருசி பாருங்கள். சுறா, வாள்மீன் போன்ற பெரிய மீன்களில் பாதரசம் சேர்வதால் கர்ப்பிணிகள் அவற்றைத் தவிர்க்க வேண்டும்.

இவற்றைச் சாப்பிடும் குடும்பத்துக்கு மீன் எண்ணெய்க் குளிகை தேவையில்லை என்பதே என் முடிவு. சைவருக்கும் மீன் ஒவ்வாமை உள்ளவருக்கும் கடற்பாசி எண்ணெய் இருக்கிறது. மீன் பிடிக்காதவர், மருத்துவர் சொன்ன கர்ப்பிணி, டிரைகிளிசரைடு உயர்ந்தவர் ஆகியோருக்கு மீன் எண்ணெய் பயன்படும். கடைசி வகையினருக்குக் கடைக் குளிகை போதாது. மருத்துவர் எழுதிக்கொடுக்கும் அளவு வேண்டும். வார்ஃபரின் போன்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து எடுப்பவரும், இதயத் துடிப்பு ஒழுங்கற்றவரும், அறுவைச் சிகிச்சைக்குக் காத்திருப்பவரும் கேட்காமல் தொடங்கக் கூடாது.

ஏற்கெனவே வாங்கிவிட்ட போத்தல் வீட்டில் இருந்தால், அடுத்த முறை தானா ராத்தாவில் உள்ள சுல்தானா ஹாஜா கல்சோம் மருத்துவமனைக்கோ பக்கத்து சுகாதார கிளினிக்குக்கோ போகும்போது அதைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். மருந்து கொடுக்கும் சன்னலில் இருக்கும் மருந்தாளரிடம் உங்கள் மற்ற மாத்திரைகளோடு சேர்த்துக் காட்டுங்கள். லேபிளைப் படித்துச் சொல்வது அவருடைய வேலையில் ஒரு பகுதி. அதற்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டியதில்லை. அவர் பார்த்துச் சொல்லும் வரை கிளினிக் மாத்திரைகளில் ஒன்றைக்கூட நிறுத்தாதீர்கள்.